வாடகை குறைவுதான், ஆனால் இரண்டாவது இருக்கிறதா?

பெருநகரத்தை விட்டுவிட்டு ஒரு சின்ன நகரத்தில் வாடகைக்குக் குடியேறலாமா என்று யோசிக்கிற எல்லோரும் முதலில் பார்ப்பது வாடகையைத்தான். அதே பணத்துக்கு ஓர் அறை கூடுதல், பால்கனி, வண்டி நிறுத்த இடம், ஜன்னலைத் திறந்தால் மரம் என்று படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். சில வருடங்களாக அப்படி ஒரு நகரத்தில் இருக்கிறோம் என்பதால் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் வாடகையைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவேன். முதலில் கேட்பது இதுதான்: உங்களுக்குத் தேவையான ஒவ்வொன்றிலும் அந்த ஊரில் இரண்டாவதாக ஒன்று இருக்கிறதா?

சின்ன நகரத்தில் பெரும்பாலும் எல்லாமே இருக்கும், ஆனால் ஒவ்வொன்றாக இருக்கும். நல்ல குழந்தை மருத்துவர் ஒருவர், ஒழுங்காக ஓடும் இணைய இணைப்பு ஒன்று, உங்கள் துறையில் ஆள் எடுக்கும் இடம் ஒன்றோ இரண்டோ. அந்த ஒன்று சரியாக நடந்துகொண்டிருக்கும்வரை பெருநகரத்துக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது, சொல்லப்போனால் இங்கேதான் சுகம். மருத்துவர் வெளிநாடு போய்விட்டார், இணைப்பு அறுந்து பழுது பார்க்க ஆள் வரவில்லை, முதலாளியோடு ஒத்துப்போகவில்லை என்று ஏதாவது ஒன்று வரும்போது பெருநகரத்தில் அடுத்த தெருவுக்குப் போவோம். இங்கே அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மன் புவியியலாளர் 1933-லேயே அதை எழுதிவிட்டார். ஒரு கடையோ சேவையோ தாக்குப்பிடிக்க குறைந்தபட்சம் இத்தனை பேர் அதைத் தேடி வர வேண்டும். அடிக்கடி தேவைப்படும் பொருளுக்குச் சின்ன ஊரின் கூட்டமே போதும், அதனால் மளிகைக் கடை எங்கும் இருக்கும். எப்போதாவது தேவைப்படும் சேவைக்குப் பெரிய மக்கள்தொகை வேண்டும், அதனால் அது பெரிய ஊரில்தான் நிற்கும். ஆகவே பட்டியல் போடும்போது தினமும் தேவைப்படுவதை விட்டுவிடுங்கள், அது எப்படியும் கிடைத்துவிடும். எப்போதோ ஒருமுறைதான் வேண்டும், ஆனால் வேண்டும்போது கட்டாயம் வேண்டும் என்கிற விஷயங்களை எழுதுங்கள். எங்கள் பட்டியல் சின்னது: அம்மாவுக்கு இதய மருத்துவர், மகளின் காது கேட்கும் கருவியைச் சரிபார்க்க ஓர் ஆள், கணவர் வீட்டிலிருந்து வேலை பார்க்க இணையம், எனக்கு ஒரு வேலை.

மருத்துவத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அநேகம் பேர் "பெரிய ஆஸ்பத்திரி இருக்கு" என்ற ஒரே பதிலில் திருப்தியாகிவிடுகிறார்கள். ஒருவகை மாரடைப்பில், ரத்தக்குழாய் முழுக்க அடைபட்டுவிட்டால், ஆஞ்சியோபிளாஸ்டி செய்து திறப்பதுதான் முதல் தெரிவு. ஈசிஜியில் உறுதியான நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் அதைச் செய்ய முடியாது என்று தெரிந்தால், ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட்டுப் பெரிய மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டு முறை. ரத்தக்கட்டால் வரும் பக்கவாதத்துக்கும் அப்படிக் கரைக்கும் மருந்து உண்டு, அதைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான். இதையெல்லாம் தெரிந்துகொண்டால் கேள்வியே மாறிவிடும். இரவு இரண்டு மணிக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் அறையான கேத் லேப் ஓடுமா, சிடி ஸ்கேன் எடுக்க ஆள் இருப்பார்களா, இல்லையென்றால் அடுத்த இடம் ஆம்புலன்ஸில் எவ்வளவு நேரம்? நாங்கள் பார்த்த நகரங்கள் ஒவ்வொன்றிலும் போனைப் போட்டு இதைத்தான் கேட்டேன். ஒரு மருத்துவமனையின் வரவேற்பில் இருந்த பெண் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஹார்ட் டாக்டர் வாரத்துல ரெண்டு நாள் வருவார்மா, அவசரம்னா நாங்க அனுப்பி வச்சிடுவோம்" என்றார். அவர்களுடைய இணையதளத்தில் பெரிய எழுத்தில் இருதயப் பிரிவு என்று இருந்தது. அந்த ஊரை அன்றைக்கே பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

இன்னொரு வழி, மருந்துக் கடையில் போய் நிற்பது. இப்போது இருக்கும் ஊருக்கு முதல்முறை வந்தபோது அம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்து, நான்கைந்து மருந்தை உடனே எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்றுக்கு மட்டும் நோட்டைப் புரட்டினார். கோடு போட்ட நோட்டு, வாடிக்கையாளர் பெயர், மருந்து, என்றைக்கு வரும் என்று மூன்று பத்தி. "இது எடுக்கிறவங்க இங்க கம்மி. சொல்லி வச்சா ரெண்டு நாள்ல வந்துடும், ஒரு அட்டை எப்பவும் கையிருப்பில வச்சிக்கோங்க" என்றார். எந்த மருத்துவரிடம் கூட்டம், யார் விடுமுறையில் போனால் யார் பார்ப்பார்கள் என்பதையும் அவரே சொன்னார். ஊரின் மருத்துவ நிலவரம் மருந்துக் கடைக்காரருக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது, வீட்டுத் தரகரைவிட அவரிடம் கால் மணி நேரம் பேசுவது லாபம்.

அடுத்தது வேலை. நான் மருத்துவப் பரிசோதனை லேப்பில் வேலை பார்ப்பவள். பெருநகரத்தில் ஓர் இடத்தில் சம்பளம் ஏறவில்லை என்றால் அடுத்த மாதமே வேறு இடம் பார்க்கலாம், அந்தத் தைரியம்தான் சம்பளத்தை ஏற்றுகிறது. இங்கே சொல்லிக்கொள்ளும்படியான லேப்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், உரிமையாளர்கள் ஒருவருக்கொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். ஒருவரிடம் நேர்காணலுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் மற்றவருக்குத் தகவல் போய்விடும். ஆகவே சம்பளம் பேச வேண்டியது சேரும்போதுதான், பிறகு பேச்சுக்கு இடம் குறைவு. வருடாந்திர உயர்வு, வேலை நேரம், விடுப்பு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தேன். பெருநகரத்தில் இருந்திருந்தால் அவ்வளவு கறாராக இருந்திருக்க மாட்டேன்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் குடும்பத்தில் இது இன்னும் சிக்கல். டோரா கோஸ்டா, மேத்யூ கான் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2000-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, அமெரிக்காவில் கணவன் மனைவி இருவரும் பட்டதாரிகளாக இருக்கும் தம்பதிகள் 1940-லிருந்து 1990-க்குள் எப்படிப் பெரிய நகரங்களிலேயே மேலும் மேலும் குவிந்தார்கள் என்று காட்டியது. காரணத்தில் பெரும் பங்கு, இரண்டு பேருக்கும் பொருத்தமான வேலை ஒரே ஊரில் கிடைக்க வேண்டும் என்பதுதான். ஒருவருக்கு வேலை கையில் இருக்கிறது என்று கிளம்பிவிட்டு, மற்றவருக்கு அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த மற்றவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அது பெரும்பாலும் பெண்ணாகத்தான் இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வேலை உறுதியான பிறகுதான் வீடு பார்க்கவே ஆரம்பித்தோம்.

கணவர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர். அப்படிப்பட்டவர்கள் நிறுவனத்திடம் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: இருக்கும் ஊரைப் பொறுத்துச் சம்பளத்தைக் குறைப்பார்களா, அலுவலகத்துக்கு வரச் சொன்னால் எவ்வளவு அவகாசம் தருவார்கள், அந்தப் பயணச் செலவு யாருடையது. வாய்மொழியாக மேலாளர் சொல்வது அந்த மேலாளர் இருக்கும்வரைதான். இணையத்தில் எல்லோரும் பதிவிறக்க வேகத்தைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் வீடியோ கூட்டத்தில் நம் முகம் உறைந்து நிற்பது பதிவேற்ற வேகம் குறைவதால்தான். வினாடிக்கு நாலைந்து மெகாபிட் (Mbps) பதிவேற்றம் விடாமல் சீராக வந்தால் ஒரு கூட்டத்துக்குப் போதும். மாலை நேரத்தில், எந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்யப் போகிறோமோ அங்கேயே வைத்துச் சோதித்துப் பாருங்கள். இரண்டாவது இணைப்பு இங்கேயும் தேவைதான், அதற்கு எந்த மொபைல் நிறுவனத்தின் சிக்னல் வீட்டுக்குள் வருகிறது என்று பார்த்து அந்த சிம்மை வாங்கிக்கொண்டோம்.

சரி, பணம். பெருநகரத்தில் வாடகைக்கு 100 போகிறது, சின்ன நகரத்தில் அதே மாதிரி வீடு 60 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40 மிச்சம் என்று கணக்குப் போட்டுவிடுகிறோம். பெருநகரத்தில் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்வந்த இரண்டு பேருக்கு இங்கே ஆளுக்கொரு வண்டி தேவைப்படலாம், ஏனென்றால் பஸ் இருந்தாலும் அது வரும் நேரத்துக்கு நம் வேலை நேரம் ஒத்துவராது. கடன் தவணை, எரிபொருள், காப்பீடு, பழுது எல்லாம் சேர்ந்து 15-ஐ விழுங்கிவிட்டது என்று வையுங்கள். அப்புறம் பழைய ஊருக்குப் போய்வருவது, அலுவலகக் கூட்டம், உறவுக்காரர் வீட்டு விசேஷம், நிபுணரைப் பார்ப்பது, அதற்கு 10. மிச்சம் 15. அதுவும் நல்ல தொகைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 15-க்காக ஒருவர் சம்பளத்தில் 20 குறைந்தால் கணக்கு தலைகீழ். உங்கள் சொந்த எண்களைப் போட்டுப் பாருங்கள், வாடகை வரியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பெரிய வீடு என்பதால் மின்கட்டணமும் ஏறும், காலியாக இருக்கும் அறை நாற்காலி மேசை கேட்கும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வீடு தேடுவது தனிக் கதை. இணையத்தில் பார்த்தால் ஊரில் வாடகைக்கு வீடே இல்லாத மாதிரி தோன்றும், ஏழெட்டு விளம்பரம்தான் இருக்கும், அதில் பாதி ஏற்கெனவே போய்விட்டவை. நிஜத்தில் வீடுகள் வாய்வார்த்தையில் கைமாறுகின்றன. அதனால் தூரத்தில் இருந்துகொண்டு நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதைவிட, முதலில் ஓரிரு மாதம் தற்காலிகமாக ஓர் இடத்தில் தங்கிக்கொண்டு தேடுவது நல்லது, கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை. கல்லூரி இருக்கும் ஊர் என்றால் வகுப்பு தொடங்கும் சமயத்தில் போகாதீர்கள், அப்போதுதான் வீடு கிடைக்காது, கிடைத்தாலும் விலை சொல்வார்கள். படிப்பு முடிந்து மாணவர்கள் காலி செய்யும் மாதத்தில் உரிமையாளரே இறங்கி வருவார்.

பகலில் மட்டும் வீட்டைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். எங்களுக்குப் பிடித்துப்போன ஒரு வீடு, விசாலமான கூடம், இரண்டு பக்கமும் வெளிச்சம், வாடகையும் நியாயம். ஏன் இவ்வளவு நாள் காலியாக இருக்கிறது என்று கேட்டதற்கு உரிமையாளர், "நல்ல குடும்பமா வரணும்னு பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். நாங்கள் படியிறங்கும்போது மாடியில் குடியிருக்கும் அம்மாள் துணியை உதறிக்கொண்டே, "லாரி சத்தம் மட்டும் முதல்ல கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்மா" என்றார். என்ன லாரி? இரவு பதினொன்றுக்கு மேல் திரும்பிப் போய் வாசலில் நின்றோம். பகலில் நகருக்குள் விடாத கனரக வண்டிகள் எல்லாம் அந்த நேரத்தில் அந்தச் சாலை வழியாகத்தான் வரிசையாகப் போகின்றன, ஒவ்வொன்றும் திருப்பத்தில் கியர் மாற்றும்போது கூடத்து ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது தெருவிலிருந்தே கேட்டது. அந்த அம்மாளுக்கு இன்றும் மனசுக்குள் நன்றி சொல்கிறேன். வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட மாடிவீட்டிலும் பக்கத்துவீட்டிலும் பேச்சுக் கொடுங்கள்: தண்ணீர் எந்த மாதத்தில் குறையும், மழை பெய்தால் தெருவில் நிற்குமா, மின்சாரம் போனால் எவ்வளவு நேரம், முன்பு இருந்தவர் ஏன் போனார். கடைசிக் கேள்விக்குத்தான் சுவாரசியமான பதில்கள் வரும்.

ஒப்பந்தத்தில் நான் பிடிவாதமாகப் பார்ப்பது, பாதியில் காலி செய்தால் என்ன ஆகும் என்ற வரி. எத்தனை மாத முன்னறிவிப்பு, முன்பணத்தில் எதையெல்லாம் பிடிப்பார்கள், எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள். குடிபோகும் அன்றே சுவர், குழாய், தரை எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். மற்றதெல்லாம் பேசிச் சமாளிக்கலாம்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு நல்லதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எங்களுக்குக் கிடைத்த பெரிய விஷயம் நேரம். பெருநகரத்தில் வேலைக்குப் போய்வருவதிலேயே நாளின் ஒரு துண்டு காணாமல் போகும், இங்கே லேப்புக்கு நடந்தே போகிறேன். புரூனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டட்ஸர் என்ற இருவர் ஜெர்மனியின் குடும்பக் கணக்கெடுப்பு விவரங்களை வைத்துப் பார்த்தபோது, நீண்ட தூரம் போய்வருபவர்கள் வாழ்க்கையில் திருப்தி குறைவாகச் சொல்கிறார்கள், கூடுதல் சம்பளமோ நல்ல வீடோ அந்தக் குறையை முழுக்க ஈடுகட்டவில்லை என்று தெரிந்தது. என் அனுபவமும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: சின்ன நகரத்தில் குறைந்த வாடகைக்காக ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட மனையில் வீடு பிடித்தால் இந்த லாபம் அப்படியே போய்விடும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நடுவில் இருங்கள்.

அமைதி, மரம், காற்று ஆகியவற்றைப் பற்றி நான் அவ்வளவு பேசமாட்டேன். 1998-ல் டேவிட் ஷ்கேட், டேனியல் கானமன் இருவரும் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதி மாணவர்களிடமும் கலிஃபோர்னியா மாணவர்களிடமும் கேட்டார்கள். இதமான தட்பவெப்பம் உள்ள கலிஃபோர்னியாக்காரர்கள்தான் அதிக மகிழ்ச்சியாக இருப்பார்கள் என்று இரண்டு தரப்புமே நினைத்தது, ஆனால் அவரவர் தங்கள் வாழ்க்கைத் திருப்தியைச் சொன்னபோது பெரிய வித்தியாசமே இல்லை. ஊர் மாறுவதைப் பற்றி யோசிக்கும்போது எது கண்ணில் படுகிறதோ அதற்கு அளவுக்கு மீறி எடை போடுகிறோம். குடிவந்த சில மாதங்களில் மரத்தை யாரும் பார்ப்பதில்லை, மகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான்.

தனிமை வரும், முக்கியமாக முதல் வருடம். எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் நீங்கள் மட்டும் யாரையும் தெரியாதவர், ஆனால் உங்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம், என்ன வேலை, மகள் காதில் இருப்பது என்ன என்பதெல்லாம் நாங்கள் சொல்லாமலே தெருவுக்குத் தெரிந்திருந்தது. சிலருக்கு இது பாதுகாப்பாக இருக்கும், சிலருக்கு மூச்சு முட்டும். கணவர் முதல் ரகம், நான் இரண்டாவது. வாரம் ஒருமுறை ஒரே ஆட்களைப் பார்க்கும் ஏதாவது ஒன்றில், பூப்பந்தோ நூலகமோ பாட்டு வகுப்போ, போய்ச் சேர்ந்துவிடுங்கள். பழக்கம் நட்பாக மாறுவதற்கு நேரம் கூடிக்கொண்டே வர வேண்டும், வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியவில்லை.

வந்த கொஞ்ச நாளிலேயே "இவ்வளவு மலிவா இருக்கே, வாங்கிப் போட்டுடலாமே" என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டின் விலையை ஒரு வருட வாடகையால் வகுத்துப் பாருங்கள். இருபதுக்கு மேல் வந்தால் வாடகைக்கு இருப்பதே மேல் என்று பொதுவாகச் சொல்வார்கள், வட்டி விகிதத்தைப் பொறுத்து இது மாறும். அதைவிட முக்கியம், சின்ன நகரத்தில் வாங்குவது சுலபம், விற்பது தாமதம். வாங்க வருபவர்களும் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஊரின் பெரிய ஆலையோ கல்லூரியோ படுத்துவிட்டால் அவர்களும் இருக்கமாட்டார்கள். வேலை போவதும் வீட்டின் விலை இறங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும். வாடகைக்கு இருப்பவர் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுக் கிளம்பலாம்.

கிளம்புவதற்கும் பணம் வேண்டும், அதைத் தனியாக வைத்திருக்கிறோம். பெருநகரத்தில் நாம் இல்லாத காலத்திலும் வாடகை ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஆகவே திரும்பிப் போகிற அன்றைக்கு அங்கே என்ன முன்பணம் கேட்பார்களோ அதையும் மூன்று மாத வாடகையையும் சாமான் ஏற்றும் செலவையும் சேர்த்து ஒரு கணக்கில் போட்டு, வருடத்துக்கு ஒருமுறை அங்கத்திய வாடகையைப் பார்த்துத் தொகையை ஏற்றுகிறோம். வாடகையில் மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான். வீட்டு உரிமையாளர் இந்த முறை இரண்டு வருட ஒப்பந்தம் போட்டால் வாடகையை ஏற்றமாட்டேன் என்கிறார், நல்ல மனிதர்தான். ஆனால் அம்மாவைப் பார்க்கும் இதய மருத்துவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு யார் வருகிறார்கள் என்று தெரியும்வரை ஒரு வருடத்துக்கே போடச் சொல்லியிருக்கிறோம், ஏறும் வாடகையைக் கொடுத்துவிடலாம்.